செசானின் ஆப்பிள் கூடை: கேள்வி பதில்

வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பிரெஞ்சு ஓவியர் பால் செசானின் ‘ஆப்பிள் கூடை’ பற்றியவை. சுமார் 1893இல் வரைந்தது. கான்வாஸில் எண்ணெய் வண்ணம், ஏறக்குறைய 65 × 80 செ.மீ. இப்போது சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிடியூட்டில் இருக்கிறது. படத்தின் பிரிண்ட் ஒன்றையும் ஸ்கேலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கே: ஒரு ஸ்டில் லைஃபை (அசையாப் பொருள்களின் ஓவியத்தை) அலச எங்கிருந்து தொடங்குவது? எங்களுக்குப் பத்து மதிப்பெண் கேள்வி.

முதலில் பொருள்களைப் பட்டியலிடுங்கள், விளக்கம் பிறகு. மேசை, கசங்கிய வெள்ளைத் துணி, முட்டுக் கொடுத்துச் சாய்த்த கூடை, பாட்டில், தட்டில் அடுக்கிய பிஸ்கட், சிதறிய ஆப்பிள்கள். அடுத்து படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிக் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். எது அதிக வெளிச்சம், எது அதிக இருள் என்பது பிடிபடும். இங்கே துணிதான் வெளிச்சம், பாட்டில் இருள். அதற்குப் பிறகு கோடுகள், வட்டங்கள், நிறம், தூரிகைத் தீற்று என்ற வரிசையில் போகலாம். நிறத்தை ஏன் கடைசியில் வைக்கிறேன் என்றால், கைபேசித் திரையில் தெரியும் நிறம் நம்பத்தக்கதல்ல. அருங்காட்சியகமே வெளியிட்ட படத்தைப் பார்த்து எழுதுங்கள்.

கே: மேசை விளிம்பு நேராக இல்லை என்கிறார்கள். எனக்குத் தெரியவில்லையே?

வெறும் கண்ணுக்குத் தப்பிவிடும். பிரிண்ட் மேல் டிரேசிங் தாளை வைத்து, துணிக்கு இடப்பக்கம் தெரியும் முன்விளிம்பை ஸ்கேலால் வலப்பக்கம் வரை நீட்டுங்கள். வலப்பக்க விளிம்போடு அது சேராது. இணைப்பு இருக்க வேண்டிய இடத்தைத் துணி மறைத்திருக்கிறது, கண் அதை மன்னித்துவிடுகிறது.

அடுத்து பிஸ்கட் தட்டைப் பாருங்கள். அடியில் உள்ளவை பக்கவாட்டில் தெரிகின்றன, மேலே உள்ளவை நம் பக்கம் தலை தூக்குகின்றன. இதை வெறுமனே சொல்லாமல் அளந்தும் காட்டலாம். வட்டமான எந்தப் பொருளும் சாய்ந்த பார்வையில் நீள்வட்டமாகும். அகலம் 12 மி.மீ., உயரம் 3 மி.மீ. என்றால் கண் ஏறக்குறைய 15 டிகிரி மேலிருந்து பார்க்கிறது. உயரம் 6 மி.மீ. என்றால் 30 டிகிரி. ஒரே படத்தில் மேசைமேல் மட்டமாக நிற்கும் தட்டு, கிண்ணம், பாத்திரம் ஒவ்வொன்றுக்கும் இதைச் செய்து பாருங்கள். எண்கள் ஒத்துப்போகாவிட்டால் பார்வைக் கோணம் மாறியிருக்கிறது என்று எழுதலாம். சாய்ந்து கிடக்கும் கூடைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பலரும் அங்கேதான் தவறுகிறார்கள்.

கே: ஆப்பிள் எதன் குறியீடு? ஏவாள் ஞாபகம் வருகிறதே?

இந்தப் படத்தில் அதற்கு ஆதாரம் ஏதும் தெரியவில்லை. ஆப்பிள் அவருக்கு வசதியான பொருள். நிறம் பல, வடிவம் எளிது, சீக்கிரம் கெடாது. மெதுவாக வேலை செய்கிறவருக்கு அது முக்கியம்.

கே: செசானுக்குக் கண் கோளாறு, அதனால்தான் கோணல். நீங்கள் ஏன் அதைச் சொல்லவில்லை?

பழைய குற்றச்சாட்டு. விமர்சகர் ஹுயிஸ்மான்ஸ் 1880களிலேயே அவருடைய விழித்திரை நோயுற்றது என்று எழுதினார். ஒன்றை யோசியுங்கள். மேசையைக் கோணலாகக் காட்டும் கண், கான்வாஸையும் கோணலாகத்தான் காட்டும். மேசையும் அதன் ஓவியமும் அவர் கண்ணுக்கு ஒத்துப்போக வேண்டுமென்றால், நேரான விளிம்பு நேராகவே வரையப்பட்டிருக்கும். கிட்டப்பார்வை தூரத்தை மங்கலாக்கும். துணியின் இரு பக்கமும் விளிம்பை இரண்டு மட்டத்தில் வைக்காது.

கே (அதே நண்பர்): 1890களில் அவருக்கு நீரிழிவு இருந்ததே?

இருந்தது. ஆனால் நோய் இருந்தது என்பது விளிம்பை விளக்கிவிடாது. எதிர்ப்பக்கச் சான்று ஒன்று தருகிறேன். 1898இல் லூயி லெ பாய் என்ற இளம் ஓவியர் செசான் பழங்களை அடுக்குவதை அருகிலிருந்து பார்த்து விவரித்திருக்கிறார். துணியை மெல்ல மடித்து, எதிர்நிறங்கள் பக்கத்தில் வரும்படி பழங்களை வைத்து, அடியில் ஒரு சூ, இரண்டு சூ காசுகளை (சூ என்பது பிரெஞ்சுச் சில்லறைக் காசு) செருகிச் சாய்த்தார். அந்த அளவுக்குத் திட்டமிட்ட மனிதர் மேசை விளிம்பைக் கவனிக்கவில்லை என்பதை ஏற்க முடியவில்லை.

கே (இன்னொருவர்): காசு பழத்தைச் சாய்க்கும், மேசையை உடைக்காதே?

நியாயமான எதிர்வாதம். கூடையின் சாய்வுக்கு முட்டு காரணம், விளிம்புக்கு அல்ல. நான் படிப்பது இப்படி: இடப்பக்கம் பார்த்து ஒரு பகுதி, தலை திருப்பி வலப்பக்கம் பார்த்து இன்னொரு பகுதி. இரண்டையும் சமன்படுத்தாமல் விட்டார், காரணம் கனம். கூடை தன் சுமையை முன்னால் கொட்டுகிறது. ஒரே நேர்விளிம்பு கீழே ஓடியிருந்தால் அது அந்தச் சரிவை அணைபோல் தடுத்து நிறுத்தியிருக்கும். உடைந்த விளிம்பும் தொங்கும் துணியும் சேர்ந்து ஆப்பிள்களை விழும் தறுவாயிலேயே வைத்திருக்கின்றன. நிற்கும் பாட்டிலும் லேசாகச் சாய்ந்திருப்பதைக் கவனியுங்கள். ஸ்கேலால் அதை நிமிர்த்திப் பார்த்தால் படமே விறைத்துவிடும்.

கே: ஆப்பிளை வரைந்து பார்க்க ஆசை. கறுப்பு சேர்த்து நிழல் போட்டால் அழுக்காகிறது.

கறுப்பை எடுத்து வையுங்கள். செசான் ஒளிநிழலை நிற மாற்றத்தால் கொண்டுவருகிறார். நம்மை நோக்கிப் புடைக்கும் இடத்தில் மஞ்சள், திரும்பும்போது ஆரஞ்சு, பிறகு சிவப்பு, விளிம்பில் பச்சை அல்லது நீலச் சாயல். சூடான நிறம் முன்னே வரும், குளிர்ந்தது பின்னே போகும். தட்டையான தூரிகையால் ஒரே திசையில் சிறு தீற்றுகளாக வையுங்கள், தேய்த்துக் கலக்காதீர்கள். கலந்தால் சேறுதான். வெளிக்கோட்டை அடர்நீலத்தில் ஓரிரு இடங்களில் விட்டுவிட்டு வையுங்கள். முழுதாகச் சுற்றி மூடினால் பழம் ஒட்டுத்தாள் போலாகும். இங்கேயும் கைபேசியைப் பார்த்து நிறம் கலக்க வேண்டாம்.

கே: வான்கோவின் மஞ்சள் மங்குகிறதாமே?

அவர் பயன்படுத்திய குரோம் மஞ்சள் வகைகள் ஒளிபட்டுக் கருக்கும். 1890இன் ரோஜாக்கள் ஓவியங்களில் சிவப்புச் சாயம் வெளுத்து, இளஞ்சிவப்பாக இருந்த பூக்கள் இன்று வெள்ளையாகத் தெரிகின்றன. அவற்றின் நிறத்தை அலசும்போது இதைக் குறிப்பிடாவிட்டால் விடை தவறு.

கே: ஆப்பிள்கள் பாவத்தின் குறியீடுதானே?

மேலே பதில் இருக்கிறது.

கே: செசான், வான்கோ போன்றோரின் ஓவியப் போக்கை ‘போஸ்ட் இம்ப்ரஷனிசம்’ என்கிறார்களே, அவர்களே அந்தப் பெயரை வைத்துக்கொண்டார்களா?

இல்லை. 1910இல் லண்டன் கண்காட்சிக்காக ஆங்கிலேய விமர்சகர் ரோஜர் ஃப்ரை வைத்தது. செசான் இறந்தது 1906.

கே: ‘ஆப்பிள் கூடை’யில் செசானின் கையெழுத்து இருக்கிறதா? விலை என்ன போகும்?

கையெழுத்து இருக்கிறது, இடப்பக்கம் கீழே. அவர் அரிதாகவே போடுவார். 1895இல் பாரிஸில் ஓவிய வணிகர் வொல்லார் நடத்திய கண்காட்சியில் இந்தப் படம் இருந்தது. விலை பற்றி ஏல நிறுவனங்களைக் கேளுங்கள், அது என் துறை அல்ல.

கே: மூன்று ஆப்பிள் இருந்தால் திரித்துவம் என்று எழுதலாமா?

வேண்டாம். விளிம்பை அளந்து அந்த எண்ணை எழுதுங்கள்.