ஆயுத உதவியும் கடைமடையும்

ஐயா, வணக்கம். உக்ரைனுக்கு அமெரிக்கா இன்னமும் ஆயுதம் அனுப்புவது சரிதானா? டெக்சாஸில் இருக்கும் என் மகன் தன் வரிப்பணம் வீணாவதாகச் சொல்கிறான். நான் அறிந்ததெல்லாம் இந்தப் போரால் பொட்டாஷ் விலை ஏறியது மட்டுமே. ஆயுதம் கொடுக்காவிட்டால் சண்டை தானாக நின்றுவிடாதா?
– ஒரு வாசகர், நீடாமங்கலம்

அன்புள்ள நண்பருக்கு,

பொட்டாஷை இப்போதைக்கு விட்டுவிடுவோம். ரஷ்யாவும் பெலாரஸும் அதை உலகுக்கு விற்கும் பெரிய நாடுகள் என்பதால் விலை ஏறியது, அவ்வளவுதான். தம்பியின் கவலைக்கும் ஒரு வரி போதும்: ராணுவ உதவிக்கென ஒதுக்கிய பணத்தில் பெரும்பகுதி அமெரிக்கத் தொழிற்சாலைகளிலேயே செலவாகிறது, பென்சில்வேனியாவின் ஸ்கிரான்டனில் 155 மி.மீ. பீரங்கிக் குண்டுகளுக்கு உருக்கு உறை செய்பவரின் சம்பளமும் அதில் அடக்கம்.

உங்கள் கடைசிக் கேள்விதான் எனக்குக் கோபமூட்டியது. உக்ரைன் தன் மண்ணிலிருந்த அணு ஆயுதங்களை விட்டுக்கொடுத்ததற்கு ஈடாக, அதன் எல்லைகளை மதிப்போம் என்று 1994-இல் புடாபெஸ்டில் அமெரிக்காவும் பிரிட்டனும் ரஷ்யாவும் கையெழுத்திட்டன. கையெழுத்திட்ட மூவரில் ஒருவரே 2022-இல் படையோடு நுழைந்த பிறகு, அடி வாங்குகிறவரின் கையைக் கட்டிப்போடுவதற்குச் சமாதானம் என்று பெயர் வைக்கலாமா? வயதில் மூத்த நீங்கள் இப்படி எழுதியிருக்க வேண்டாம்.

ஆனாலும் உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. கொடுக்கிறோம் என்று அறிவித்துவிட்டுக் காலம் கடத்துவதைப் பற்றிச் சில நாட்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். 2023 ஜூனில் உக்ரைன் எதிர்த்தாக்குதலைத் தொடங்கியபோது, ஜனவரியிலேயே அறிவிக்கப்பட்டிருந்த 31 ஆப்ராம்ஸ் டாங்கிகளில் ஒன்றுகூட வந்திருக்கவில்லை. அவை செப்டம்பரில்தான் வரத் தொடங்கின. எஃப்-16 விமானங்கள் அதற்கும் அடுத்த ஆண்டில் வந்தன. ஏறத்தாழ 6,100 கோடி டாலருக்கான மசோதா அமெரிக்க நாடாளுமன்றத்தில் மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்து 2024 ஏப்ரலில் நிறைவேறுவதற்குள், குண்டுப் பற்றாக்குறையோடு போராடிய உக்ரைன் நகரமான அவ்தீவ்கா பிப்ரவரியிலேயே வீழ்ந்துவிட்டது.

அதே 2023-இல் மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று முறையாகத் திறந்தார்கள். அந்தச் செய்தியை நம்பி, தலைஞாயிறு பக்கத்தில் என் சித்தப்பா நகையை அடகு வைத்துக் குறுவைக்கு விதைத்தார். அணைக்கு வரத்துக் குறைந்து, ஆற்றில் விட்ட தண்ணீர் கடைமடையை எட்டாமல், பயிர் அவர் கண்ணெதிரே கருகியது. 2012-இல் செப்டம்பர் வரை அணை திறக்கவே இல்லை. அது கொடிய ஆண்டுதான் என்றாலும், வராது என்று தெரிந்ததால் ஆற்றை நம்பி அவர் விதைநெல்லை இறைக்கவில்லை, கடனும் வாங்கவில்லை. தண்ணீரே வராத அந்த ஆண்டைத் தாங்கிய மனிதரை, வருவதாகச் சொல்லிப் பாதியில் நின்ற ஆண்டுதான் ஒடித்துப்போட்டது. இதை எத்தனை முறை சொன்னாலும், தலைமடையில் இருப்பவர்களுக்குப் புரிவதில்லை. (நீடாமங்கலத்துக்காரரான நீங்களும் எனக்குத் தலைமடைதான், கோபித்துக்கொள்ளாதீர்கள்.)

உதவியை நிறுத்தத்தான் வேண்டும் என்று தம்பி கருதினால், அதை வெளிப்படையாகவும் முன்கூட்டியும் சொல்லச் சொல்லுங்கள். அந்தக் கருத்தோடு நான் சண்டையிடுவேன், ஆனால் மதிப்பேன். 2025 மார்ச்சில் அமெரிக்கா செய்ததுபோல் உளவுத் தகவல் உட்பட எல்லாவற்றையும் திடீரென நிறுத்தி, சுமார் ஒரு வாரத்தில் மறுபடியும் தொடங்குவதை என்னால் மதிக்க முடியாது. ஆயுதம் அனுப்ப வேண்டும் என்பதே என் பதில். எதை, எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று சொல்லி, சொன்னபடி அனுப்ப வேண்டும்.