மாட்டுமடி முதல் மருந்தாலைக் கழிவு வரை: ஆன்டிபயாடிக் கேள்வி பதில்

(பதில் சொல்பவர் ஓய்வுபெற்ற கால்நடை நுண்ணுயிரியல் பேராசிரியர்.)

கே: ஐயா, கறவை மாட்டுக்கு மடிநோய். ஊசி போட்டும் அடங்கவில்லை. இதைவிடப் பெரிய ஆன்டிபயாடிக் எது?

ப: மருந்தில் பெரியது சிறியது இல்லை. அந்தக் கிருமிக்குக் கேட்கும் மருந்து, கேட்காத மருந்து என்று இரண்டுதான். காம்பைத் துடைத்து, முதல் பீச்சலைத் தள்ளிவிட்டு, சுத்தமான குப்பியில் பால் மாதிரி எடுங்கள். உங்கள் மருத்துவர் மூலம் மாவட்டக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்கு அனுப்பினால், எந்த மருந்து கேட்கும் என்று தெரிந்துவிடும். ஊசி போட்ட நாட்களின் பாலைச் சங்கத்தில் ஊற்றாதீர்கள். வீணாகிறதே என்று கன்றுக்கும் ஊட்டாதீர்கள். அந்தப் பாலில் இருக்கும் கொஞ்ச மருந்து கன்றின் குடலில் மருந்துக்கு எதிர்ப்புள்ள கிருமிகளை மட்டும் மிச்சம் வைக்கும். அவை சாணத்தோடு வயலுக்குப் போகும்.

கே: சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துப் பூசலாமா?

ப: தொடக்க நிலையில் பூசலாம். மாடு தீனி எடுக்கவில்லை, காய்ச்சல் இருக்கிறது என்றால் மருத்துவரை அழையுங்கள்.

கே: எனக்குச் சளி. அசித்ரோமைசின் மூன்று நாள் போதுமா?

ப: நான் மாட்டு வைத்தியன். சளி பெரும்பாலும் வைரஸால் வருவது, அதற்கு ஆன்டிபயாடிக் கேட்காது. உங்கள் மருத்துவரிடம் போங்கள்.

கே: வாங்கிய பால் தயிராக உறையவில்லை. மருந்து கலந்த பாலா?

ப: இருக்கலாம். தயிரை உறைய வைப்பதும் பாக்டீரியாதானே, மருந்து அதையும் கொல்லும். ஆனால் குளிரிலும் உறையாது, உறைமோர் பழசானாலும் உறையாது.

கே: நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் ஆன்டிபயாடிக்கை அள்ளிக் கொடுக்கிறார்கள், கிருமிகளுக்கு மருந்து கேட்காமல் போகிறது என்ற பழி மட்டும் எங்கள் மேல். இது நியாயமா டாக்டர்?

ப: பாதி நியாயம். மனிதருக்குத் தேவையில்லாமல் எழுதப்படும் மருந்து ஏராளம். ஆனால் கொலிஸ்டின் கதையையும் கேளுங்கள். சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று மனித மருத்துவம் ஏறக்குறைய ஒதுக்கிவைத்த பழைய மருந்து அது. மற்றவை தோற்றபோது, தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் கடைசிக் கையிருப்பாகத் திரும்பி வந்தது. அதையே பண்ணைகளில் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தோம். 2015இல் சீனாவில் பன்றிகள், இறைச்சி, நோயாளிகள் என்று மூன்று இடத்திலும் கொலிஸ்டினுக்குக் கிருமியை அடங்காமல் செய்யும் எம்சிஆர்-1 என்ற எதிர்ப்பு மரபணு கண்டறியப்பட்டது. அது பிளாஸ்மிட்டில், அதாவது கிருமிகள் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ளும் சிறு டிஎன்ஏ வளையத்தில், இருப்பதால் ஒரு கிருமியிலிருந்து வேறு இனக் கிருமிக்கும் தாவும். இந்தியா 2019 ஜூலையில் உணவுக்கான விலங்குகளுக்குக் கொலிஸ்டினைத் தடை செய்தது.

கே: (அதே பண்ணையாளர்) அப்படியானால் மருந்து ஆலைகளை ஏன் யாரும் கேட்பதில்லை?

ப: கேட்டாயிற்று. ஹைதராபாத் அருகே பட்டான்செருவில், ஏறத்தாழ 90 மருந்து நிறுவனங்களின் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து வெளியேறிய நீரை ஆய்வாளர்கள் சோதித்து, முடிவை 2007இல் வெளியிட்டார்கள். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்தது. அந்த மாத்திரையை விழுங்கிய நோயாளியின் இரத்தத்தில்கூட அவ்வளவு இருக்காது! ஆனால் ஆலையின் குற்றம் உங்கள் தீவனத் தொட்டியைச் சுத்தமாக்காது.

கே: (மீண்டும் அவரே) மருந்தை நிறுத்தினால் கோழி சாகும். நஷ்டத்தை நீங்கள் தருவீர்களா?

ப: நோய் வந்த கோழிக்கு மருந்து கொடுக்க வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? நோயே இல்லாத கோழிக்கு, எடை கூடட்டும் என்று கொடுப்பதைத்தான் சொல்கிறேன். நார்வே சால்மன் பண்ணைகள் 1987இல் சுமார் 50 டன் ஆன்டிபயாடிக் செலவழித்தன. தடுப்பூசி வந்தபின் அது ஒரு சிறு பங்காகச் சுருங்கியது, மீன் உற்பத்தியோ பல மடங்கு பெருகியது. கோழிக்கும் தடுப்பூசி அட்டவணை இருக்கிறது. அதைத் தவறவிட்டு, குடிநீர்த் தொட்டியையும் கழுவாமல், மருந்து மூட்டையைப் பிரிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்களைச் சொல்லவில்லை.

கே: நன்றாக வேகவைத்தால் கோழிக்கறியில் உள்ள மருந்து போய்விடுமா?

ப: கிருமி சாகும். மருந்தின் எச்சம் முழுதும் அழியும் என்று சொல்ல முடியாது. பச்சைக்கறி வெட்டிய பலகையில் வெங்காயம் நறுக்காதீர்கள்.

கே: குழந்தைக்குச் சளி, வீட்டில் மீதி இருக்கும் ஆன்டிபயாடிக் சிரப்...

ப: வேண்டாம். குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள்.

கே: நாய்க்குச் சளி. எனக்கு எழுதிய அசித்ரோமைசினில் பாதி கொடுக்கலாமா?

ப: கூடாது! ஆனால் இது என் துறை. மூக்கில் சீழ் வடிகிறதா, இருமல் எத்தனை நாளாக இருக்கிறது, தடுப்பூசி போட்டாயிற்றா, எழுதுங்கள்.