கஞ்சிப் பாசி அகார் ஃபிலிமைப் பாலிமர் மாநாட்டில் போஸ்டராக வைக்க என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

இராமநாதபுரத்தில் எம்.எஸ்சி. வேதியியல் படிக்கிறீர்கள், பாம்பன் பக்கம் கிடைக்கும் கஞ்சிப் பாசியில் அகார் (சூடாகக் கரைத்து ஆறவைத்தால் ஜெல்லாக உறையும் பாலிமர்) எடுத்து, ஃபிலிம் ஊற்றி, பாலிமர் மாநாட்டில் போஸ்டர் வைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். போஸ்டரின் அழகைக் கடைசி இரண்டு நாளில் பார்த்துக்கொள்ளலாம். "சோதித்தபோது ஃபிலிமில் எவ்வளவு தண்ணீர் இருந்தது?" என்ற கேள்விக்கு மட்டும் கையில் எண் இருக்க வேண்டும். கடல்பாசி பாலிமர் என்றாலே பேச்சு சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கும்.

முதலில் பாசி. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காத் தீவுகளில் நீங்களே இறங்கி எடுக்கக் கூடாது. பாசி எடுக்கும் பெண்களிடமோ வியாபாரியிடமோ வாங்குங்கள். வாங்கிய ஊர், மாதம், எப்படி உலர்த்தியது என்பதை அன்றே எழுதி வையுங்கள். மழையில் நனைந்து மூட்டைக்குள் புழுங்கிய பாசியில் நுண்ணுயிரிகள் அகாரின் மூலக்கூறுச் சங்கிலியை அறுத்துவிடும். அதில் எடுக்கும் அகார் கெட்டியாக உறையாது. இனத்தை மண்டபத்தில் உள்ள ஆராய்ச்சி நிலையங்களில் ஒன்றில் காட்டி உறுதி செய்யுங்கள். கஞ்சிப் பாசி என்பது கிராசிலேரியா எடுலிஸ். அதில் கப்பாஃபைகஸ் என்ற வேறு பாசி கலந்திருந்தால், அதன் பாலிமரான கராஜீனனும் சேர்ந்து வரும். எஃப்டிஐஆரில் (அகச்சிவப்பு நிறமாலைச் சோதனை) 845 செ.மீ.⁻¹ பக்கம் தெளிவான முகடு தெரிந்தால் சந்தேகப்படுங்கள்.

20 கிராம் பாசியை மணல், சிப்பித் துணுக்கு போகும்வரை நல்ல தண்ணீரில் அலசி, உலர்த்தி, மறுபடி எடை போடுங்கள். விளைச்சல் சதவீதத்தை இந்த எடையை வைத்துத்தான் சொல்ல வேண்டும். மூட்டை எடையை வைத்துச் சொன்னால் உப்பும் மணலும் கணக்கில் சேர்ந்துவிடும். பிறகு 5 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு 400 மில்லியில் 80 முதல் 85 டிகிரியில் 2 மணி நேரம். கிராசிலேரியாவுக்கு இந்தக் காரப் பக்குவம் கட்டாயம்: 6ஆம் கார்பனில் இருக்கும் சல்ஃபேட் கழன்று 3,6-அன்ஹைட்ரோ வளையம் உருவாகிறது, ஜெல் வலிமை ஏறுகிறது. எஃப்டிஐஆரில் 1250 முகடு குறைந்து 930 முகடு உயர்வதே அதற்குச் சான்று. இரண்டு நிறமாலையையும் ஒரே படத்தில் மேலும் கீழுமாகப் போடுங்கள். போஸ்டரில் அதைவிடப் பலமான படம் இருக்காது.

காரத்தைத் தண்ணீரால் கழுவியே பிஎச் 7க்குக் கொண்டுவாருங்கள். அவசரத்தில் அமிலம் ஊற்றி அளவு தாண்டிவிட்டால், அடுத்த சூட்டிலேயே சங்கிலி உடைந்துவிடும். 700 மில்லி தண்ணீரில் 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவிக் கலன்), ஆறுவதற்குள் மஸ்லின் துணியில் வடிகட்டல், உறைந்த ஜெல்லை ஃப்ரீசரில் ஓர் இரவு வைத்து உருக்கி நீர் வடித்தல், 50 டிகிரியில் உலர்த்தல். ஜெல் வலிமை சொல்லும்போது 1.5 சதவீத ஜெல், 20 டிகிரி என்ற நிபந்தனையையும் சேர்த்து எழுதாவிட்டால் அந்த எண்ணை யாரும் ஒப்பிட முடியாது.

ஃபிலிமுக்கு 100 மில்லி தண்ணீரில் 2 கிராம் அகார், 0.6 கிராம் கிளிசரால். அதாவது கிளிசரால் அகார் எடையில் 30 சதவீதம். கரைசலில் 30 சதவீதம் அல்ல. சுருக்கவுரைகளில் இந்தக் குழப்பம் அடிக்கடி வருகிறது, தெளிவாக எழுதுங்கள். 95 டிகிரியில் முழுக்கக் கரைத்து, குமிழி அடங்கவிட்டு, 70 டிகிரி வாக்கில் ஊற்றுங்கள். 40 டிகிரியை நெருங்கினால் உறைய ஆரம்பித்துவிடும், பரப்பு அலையலையாக நிற்கும். 9 செ.மீ. பெட்ரி தட்டில் 20 மில்லி ஊற்றினால் உலர்ந்த பின் சுமார் 60 மைக்ரான் தடிமன் வரும். கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், பாலிஸ்டைரீன் தட்டே நல்லது. 40 டிகிரியில் மெதுவாக உலரட்டும். சூட்டைக் கூட்டினால் விளிம்பு முதலில் காய்ந்து சுருளும்.

இப்போது அந்தத் தண்ணீர். நம் கடலோரக் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 70 சதவீதத்துக்கு மேல். அகார் அதை இழுத்துக்கொள்ளும், தண்ணீர் கிளிசராலைப் போலவே ஃபிலிமை இளக்கும். அதனால் காலையில் ஜன்னலோரம் இருந்த துண்டும், ஏசி அறையில் கிடந்த துண்டும் ஒரே தட்டில் வெட்டியவையாக இருந்தாலும் வெவ்வேறு இழுவலிமை காட்டும். டெசிக்கேட்டர் (இறுக மூடும் கண்ணாடிக் கலன்) அடியில் மெக்னீசியம் நைட்ரேட் நிறைசெறிவுக் கரைசல் வைத்தால் 25 டிகிரியில் உள்ளே ஏறத்தாழ 53 சதவீத ஈரப்பதம் நிற்கும். துண்டுகளை 48 மணி நேரமாவது அதில் வைத்து, எடுத்த உடனே இழுங்கள். மெல்லிய ஃபிலிமின் இழுவலிமைக்கு ஏஎஸ்டிஎம் டி882 என்ற சோதனைத் தரமுறை. டி638 தடித்த மாதிரிகளுக்கானது. குறைந்தது 5 துண்டு, ஒவ்வொன்றிலும் பல இடத்தில் தடிமன், சராசரியோடு திட்ட விலக்கம். பக்கத்திலேயே இன்னொரு துண்டை 105 டிகிரியில் எடை மாறாத வரை உலர்த்தி, ஈரச் சதவீதத்தை அதே அட்டவணையில் போடுங்கள். கிளிசராலும் சற்று ஆவியாகக்கூடும் என்பதால் நேரத்தையும் குறிப்பிடுங்கள். டிஜிஏவில் (சூடேற்றி எடை இழப்பை அளக்கும் சோதனை) 100 டிகிரி பக்கம் விழும் முதல் இறக்கம் தண்ணீர். அதைச் சிதைவு என்று எழுதிவிடாதீர்கள்.

"பிளாஸ்டிக்குக்கு மாற்று" என்று தலைப்பு வைக்க ஆசை வரும். நீராவி ஊடுருவலை ஏஎஸ்டிஎம் இ96 முறையில் அளக்காமல் அப்படி எழுத வேண்டாம். அகார் ஃபிலிம் குளிர்ந்த நீரில் கரையாது, ஆனால் ஊறிப் பெருகும்; பொட்டலம் கட்டுவது பற்றிப் பேசுகிறவர் முதலில் அதைத்தான் கேட்பார். உலர்ந்த உணவுக்கான உறை என்று எல்லையைச் சுருக்கிக்கொண்டால் உங்கள் எண்களே அதைத் தாங்கும்.

போஸ்டர் அளவு பொதுவாக ஏ0, 841 × 1189 மி.மீ.; நெட்டாகவா கிடையாகவா என்று அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். மாதிரித் துண்டுகளை சிலிக்கா ஜெல்லோடு ஜிப் கவரில் எடுத்துப் போகலாம். ஆனால் முழுக்க உலர்ந்த ஃபிலிம் மடக்கினால் உடையும். பார்ப்பவர் தொட்டு வளைக்கும் துண்டுகளை சிலிக்கா ஜெல் இல்லாத தனிக் கவரில் வையுங்கள்.