களி உருண்டைக்கு எத்தனை கலோரி?

கேள்வி: எடை குறைக்க வேண்டி, சாப்பிடுவதையெல்லாம் போன் ஆப்பில் பதிகிறேன். ராகி களி என்று தேடினால் 'ஒரு சர்விங்', 'ஒரு கப்', '100 கிராம்' என்று விதவிதமாக வருகிறது. கலோரியும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. எதை எடுத்துக்கொள்வது?
– வாசகி, பாலக்கோடு

பதில்: சர்விங்கை முதலில் விடுங்கள். அது பதிவு போட்டவர் வீட்டு உருண்டை. அவர் ஆரஞ்சுப் பழ அளவில் பிடித்திருப்பார். நம் பக்கத்து உருண்டை தேங்காய் அளவு!

கப் என்பது கொள்ளளவு, பெரும்பாலும் 240 மில்லி. ஒரு படி ராகியும் ஒரு படி பொரியும் ஒரே எடை என்று நம் பாட்டிகள் நினைத்ததில்லை; ஆப்பைத் திறந்ததும் நாம்தான் மறந்துவிடுகிறோம். ஆகவே கிராம்தான். ஒரு சமையலறைத் தராசு வாங்கிவிடுங்கள்.

தராசு வந்த பிறகுதான் பெரிய தப்பு நடக்கும். 100 கிராம் ராகி மாவில் சுமார் 320 கலோரி. மாவு வேகும்போது தண்ணீரைக் குடித்துக் கனக்கும். 300 கிராம் களியை நிறுத்து 'ராகி மாவு' என்று பதிந்தால் 960 கலோரி காட்டும், பயந்துபோவீர்கள்.

ஒருநாள் மட்டும் இப்படிச் செய்யுங்கள். மாவு 300 கிராம், அரிசி 100 கிராம் போட்டால் மொத்தம் ஏறக்குறைய 1,300 கலோரி. வெறும் பாத்திரத்தின் எடையை முன்பே குறித்துக்கொண்டு, களி கிண்டிய பின் அதைக் கழியுங்கள். களி 1,300 கிராம் இருந்தால் 100 கிராமுக்கு 100 கலோரி. இதையே உங்கள் களியாக ஆப்பில் சேமித்துவிட்டால், அதே பக்குவத்தில் கிண்டும்வரை உருண்டையை நிறுத்தால் போதும்.

எண்ணெய்க்கு மட்டும் கரண்டிக் கணக்கு வேண்டாம். ஆப்பில் வரும் டேபிள்ஸ்பூன் 15 மில்லி, கிட்டத்தட்ட 120 கலோரி. நம் குழிக்கரண்டி அதைவிடப் பெரிது. தராசில் கரண்டியை வைத்துத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். எத்தனை கிராமோ அத்தனை மில்லி.

மாம்பழக் காலத்தில் 'ஒரு மாம்பழம்' என்றும் பதியாதீர்கள். செந்தூரா ஒரு அளவு, பெங்களூரா வேறு அளவு. தோலும் கொட்டையும் போக, சதையை மட்டும் நிறுங்கள். 100 கிராமுக்குச் சுமார் 60 கலோரி.

அப்புறம், என்றாவது எண்கள் திடீரென நாலு மடங்காகத் தெரிந்தால் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். ஆப் கிலோஜூலுக்கு மாறியிருக்கும். செட்டிங்ஸில் கலோரிக்கு மாற்றுங்கள்.