ஏற்காட்டு நூற்புழுக்களில் லெட்-7 தென்படாதது ஏன்?

உங்கள் லெட்-7 என்ற மிகச் சிறிய ஆர்.என்.ஏ. (மைக்ரோ ஆர்.என்.ஏ.) பெரும்பாலும் வடிநீரோடு போயிருக்கும். ஏற்காட்டுக் காபித் தோட்ட மண்ணில் பிரித்த நூற்புழுக்களில் மொத்த ஆர்.என்.ஏ. நிறையக் கிடைத்தும் லெட்-7 மட்டும் தென்படவில்லை என்கிறீர்கள். நான் புழுவைவிட, ஆர்.என்.ஏ.வைப் பிடித்துவைத்து மற்றதை வடியவிடும் சிலிக்கா வடிகுழலையே முதலில் சந்தேகிப்பேன். சாதாரண வடிகுழல்கள் 200 நியூக்ளியோடைடுக்கு (ஆர்.என்.ஏ. சங்கிலியின் கண்ணிகள்) குறைந்த நீளமுள்ளவற்றைப் பெரிதும் தவறவிடுகின்றன. லெட்-7-இன் நீளமோ 21 அல்லது 22 தான்.

வடிந்ததைக் கொட்டிவிடாமல், எத்தனாலில் வீழ்படிவாக்கி, 15% யூரியா பாலிஅக்ரிலமைடு ஜெல்லில் ஓட்டிப் பாருங்கள். ஏறத்தாழ 70 முதல் 90 நியூக்ளியோடைடு உள்ள டி.ஆர்.என்.ஏ. என்ற மற்றொரு சிறு ஆர்.என்.ஏ.வின் பட்டை அங்கே தெரிந்தால் ஐயம் உறுதியாகும். அடுத்த முறை, வடிகுழலின் கையேடு அனுமதித்தால், வடிகுழலில் ஊற்றும் முன் கரைசலில் ஒரு பங்கு 70% எத்தனாலுக்குப் பதிலாக ஒன்றரைப் பங்கு தூய எத்தனால் சேருங்கள்.

ஆனால் ஜெல்லில் எதுவும் தெரியாவிட்டால், புழுக்களின் பருவத்தைக் கவனியுங்கள். விக்டர் ஆம்புரோசின் குழு 1993-இல் அறிவித்த லின்-4 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ., ஆய்வக நூற்புழுவான சி. எலிகன்ஸின் முதல் இளம்பருவத்திலேயே தோன்றிவிடும்; லெட்-7 பிந்தைய இளம்பருவங்களில்தான் பெருகும். சேலத்து வெப்பத்தில் மலைப்புழு எந்த வேகத்தில் வளரும் என்பதைக் கணித்துச் சொல்ல முடியாது. ஆகவே நாள் கணக்கை நம்பாமல், வயிற்றில் முட்டை தெரியும் முதிர்ந்த புழுக்களை நுண்ணோக்கியில் பார்த்துப் பொறுக்கி எடுங்கள்.