ரோட்ஸ் தீவுக்கு அம்மா அப்பாவோட போறீங்களா? எங்க தங்கணும், எதைப் பாக்கணும், எதை விட்டுடலாம்

கேள்வி: ஜெர்மனில ஸ்டுட்கார்ட் பக்கம் இருக்கோம். ஊர்ல இருந்து அம்மா அப்பா விசிட் விசால வந்திருக்காங்க. ஜூன் ஆரம்பத்துல பையனுக்கு ஸ்கூல் லீவு, 9 வயசு. அப்ப கிரீஸ்ல ரோட்ஸ் தீவுக்கு 5 நாள் போலாம்னு இருக்கோம். பையனுக்கு பீச் வேணும், அப்பாவுக்கு பழைய கோட்டை கோயில்னா உயிர், அம்மாவுக்கு முட்டி வலி, எல்லாரும் சைவம். பீச் ஹோட்டல்ல தங்கிட்டு ஒரு நாள் டூர்ல லிண்டோஸ் பாத்துட்டு வந்தா போதுமா? எதிர்க்கரையில துருக்கி தெரியுமாமே, அங்கயும் ஒரு நாள் போயிட்டு வரலாமா?

பதில்: முதல்ல அந்த பீச் ஹோட்டல் ஐடியாவ விட்டுடுங்க. நிறைய பேர் இப்படித்தான் போறாங்க, ஃபலிராகி பக்கம் ஒரு பெரிய ரிசார்ட்ல ரூம் போட்டு, நீச்சல் குளம், பஃபே, ஒரே ஒரு நாள் பஸ் ஏறி லிண்டோஸ், அவ்ளோதான், ரோட்ஸ் டவுனை ரெண்டு மணி நேரம் ஷாப்பிங்கோட முடிச்சிடுவாங்க. ஆனா உங்க குடும்பத்துக்கு அந்த டவுன் தான் முக்கியம். ஏன்னா உங்கம்மா படி ஏறாம பாக்கக்கூடிய விஷயங்கள் முக்கால்வாசி அங்க தான் இருக்கு, பையனுக்கு கடலும் அங்கிருந்தே நடந்து போற தூரம் தான்.

ஊரைப் பத்தி கொஞ்சம் சொல்லிடறேன், அப்பாவுக்கு படிச்சுக் காட்டுங்க. தீவுல இருந்த லிண்டோஸ், இயாலிசோஸ், கமிரோஸ்னு மூணு பழைய ஊரும் ஒண்ணா சேர்ந்து கி.மு. 408ல புதுசா கட்டின நகரம் தான் இது. இப்ப நாம பாக்குற கோட்டை ஊரு அதுக்கு ரொம்ப பின்னாடி, 1309 வாக்குல வந்த செயின்ட் ஜான் வீரர்கள்னு ஒரு கிறிஸ்தவ துறவி வீரர் படை கட்டினது. 1480ல ஆட்டோமான் படை முற்றுகை போட்டு முடியாம திரும்பிடுச்சு, 1522ல சுல்தான் சுலைமான் நேரா வந்து ஆறு மாசம் முற்றுகை போட்டு பிடிச்சாரு. அதுக்கப்புறம் 1912 வரைக்கும் துருக்கியர், அப்புறம் இத்தாலிக்காரங்க, 1948ல தான் கிரீஸோட சேர்ந்தது. அதனால ஒரே தெருவுல கோதிக் வளைவு, பக்கத்துல மசூதி கோபுரம், அடியில கிரேக்க அஸ்திவாரம்னு எல்லாம் கலந்து நிக்கும். 1988ல இருந்து யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு, இன்னமும் உள்ள ஜனங்க குடித்தனம் நடத்துறாங்க, துணி காயப்போட்டிருக்கும், பூனை படுத்திருக்கும், அதான் எனக்கு இந்த ஊர்ல ரொம்பப் பிடிச்ச விஷயம்.

இப்ப எங்க தங்கறதுன்னு பாப்போம். பகல்ல கப்பல்ல வர்ற கூட்டம் காலைல ஒரு ஒம்பதரை பத்துக்கு உள்ள நுழையும், சாயங்காலம் கிளம்பிடும். நீங்க உள்ளயோ மதிலை ஒட்டியோ தங்கினா தான் காலைல எட்டு மணிக்கு முன்னாடியும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறமும் அந்த ஊர் உங்களுக்குக் கிடைக்கும். ஆனா அம்மாவுக்காக ஒண்ணு ரெண்டு கவனிக்கணும். கோட்டைக்குள்ள தெரு பூரா கூழாங்கல்லை செங்குத்தா பதிச்சது, பெட்டி சக்கரம் உருளாது, மெல்லிசான செருப்பு போட்டா பாதம் வலிக்கும். டாக்சி பெரும்பாலும் வாசல் வரைக்கும் தான் வரும். பழைய கல் வீட்டை மாத்தின ஹோட்டல்ல ரூம் மாடில இருக்கும், உள்படி குறுகலா செங்குத்தா இருக்கும், லிஃப்ட் இருக்காது, அதனால புக் பண்றப்பவே தரைத்தள ரூம் வேணும்னு எழுதிக் கேட்டு பதில் வாங்கிக்கோங்க. கிடைக்கலன்னா மதிலுக்கு வெளிய மண்ட்ராகி துறைமுகம் பக்கம் தங்குங்க, அங்க நடைபாதை சமதளம், கோட்டை வாசல் சில நிமிஷ நடை, எல்லி பீச்சும் பக்கம். முட்டி வலி அதிகம்னா ரெண்டாவது தான் என் ஓட்டு. ஹோட்டல்ல ரூமுக்கு ஒரு ராத்திரிக்கு இவ்ளோன்னு அரசாங்க வரி ஒண்ணு தனியா வாங்குவாங்க, ஸ்டார் கூடக்கூட தொகையும் கூடும், புக்கிங் விலைல அது சேராம இருக்கலாம், அங்க போய் ஏமாத்துறாங்கன்னு நினைக்காதீங்க.

படி ஏறாம என்ன பாக்கலாம்? முதல் இடம் அகழி. மதிலைச் சுத்தி இருக்கற அந்த அகழி எப்பவுமே தண்ணி விடாத காஞ்ச அகழி, இப்ப பூங்கா மாதிரி வச்சிருக்காங்க, டிக்கெட் கிடையாது, அதுக்குள்ள இறங்கி நடந்தா ரெண்டு பக்கமும் மதில் எழும்பி நிக்கும், முற்றுகை காலத்து கல்குண்டுங்க அங்கங்க குவிஞ்சு கிடக்கும், பையன் அதுல ஒரு மணி நேரம் விளையாடுவான். மேல இருந்து பாக்குறதை விட கீழ இருந்து பாத்தா தான் இதைப் பிடிக்க ஏன் அவ்ளோ மாசம் ஆச்சுன்னு புரியும். காலைல நிழல் இருக்கறப்பவே போயிடுங்க.

அடுத்தது தொல்லியல் மியூசியம். 1440ல கட்ட ஆரம்பிச்ச வீரர்களோட ஆஸ்பத்திரி அது, நோயாளிங்க படுத்திருந்த நீள ஹாலே பாக்க வேண்டிய விஷயம். முன்னாடி ஒரு மாடி படி இருக்கு, அதை மட்டும் மெதுவா ஏறிட்டா அப்புறம் உக்காந்து உக்காந்து பாக்கலாம், தோட்டமும் உண்டு. குத்த வச்சு உக்காந்து தலைமுடியை ரெண்டு கையாலயும் விரிச்சுப் பிடிச்சிருக்கற சின்ன அஃப்ரோடைட்டி (கிரேக்கக் காதல் தேவதை) சிலை அங்க தான் இருக்கு, தவற விடாதீங்க. அங்கிருந்து வீரர்கள் தெரு வழியா மேல போனா கிராண்ட் மாஸ்டர், அதாவது அந்த வீரர்களோட தலைவர், இருந்த அரண்மனை. இங்க அப்பாகிட்ட ஒரு விஷயம் சொல்லி வையுங்க: 1856ல ஒரு வெடிமருந்து விபத்துல அந்த இடம் பலமா சேதமாயிடுச்சு, இப்ப நிக்கிறது பெரும்பாலும் 1930கள்ல இத்தாலிக்காரங்க திருப்பிக் கட்டினது. தரையில இருக்கற அழகான மொசைக்கெல்லாம் பக்கத்து கோஸ் தீவுல இருந்து எடுத்துட்டு வந்து பதிச்சது, வீரர்கள் அந்தத் தரையில நடக்கவே இல்ல. இது தெரிஞ்சு பாத்தா ஏமாற்றம் இருக்காது, மெடுசா மொசைக் தனியாவே பாக்கத் தகுந்தது. அப்படியே கிழக்கு ஓரமா யூதர் தெருவுக்கும் போங்க, 1577ல கட்டின கஹல் ஷாலோம்ங்கற யூதர் கோயில் (சினகாக்) அங்க இன்னும் இருக்கு, 1944 ஜூலைல நாஜிகள் இந்த ஊர் யூதர்களை மொத்தமா கப்பல்ல ஏத்தி ஆஷ்விட்ஸ் வதை முகாமுக்கு அனுப்பிட்டாங்க, தப்பிச்சவங்க ரொம்பக் கொஞ்சம். பையனுக்கு எவ்ளோ சொல்லணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க, ஆனா அங்க இருக்கற சதுக்கத்தை வெறும் காபி குடிக்கற இடமா மட்டும் கடந்து போயிடாதீங்க.

பையன் கண்டிப்பா கொலோசஸ் எங்கன்னு கேப்பான். கி.மு. 280 வாக்குல முடிச்ச வெண்கல சூரிய தேவன் சிலை, 30 மீட்டருக்கு மேல உயரம், லிண்டோஸ்காரர் கேரஸ் செஞ்சது, கி.மு. 226 பூகம்பத்துல முட்டிக்கிட்ட உடைஞ்சு விழுந்துடுச்சு, இப்ப ஒரு துண்டு கூட இல்ல. துறைமுகத்து ரெண்டு பக்கமும் கால வச்சு நின்ன மாதிரி படம் போட்ட சாமானெல்லாம் கடையில விப்பாங்க, அது பின்னாடி வந்தவங்க கற்பனை, அப்படி நிக்க வச்சிருக்கவே முடியாது. எங்க நின்னதுன்னு இன்னிக்கும் ஆராய்ச்சியாளர்கள் ஒத்துப்போகல. அதனால அந்த இடத்தைக் காட்டறோம்னு காசு கேக்குற படகுக்கு செலவழிக்க வேண்டாம்.

சாயங்காலம் ஒரு நாள் டாக்சி பிடிச்சு மான்டே ஸ்மித் குன்றுக்குப் போங்க. பழைய நகரத்தோட அக்ரோபோலிஸ், அதாவது மேட்டுல இருந்த கோயில் பகுதி, அது தான், அப்பல்லோ கோயில் தூண் சிலது, நீளமான ஸ்டேடியம், எல்லாம் திறந்தவெளி, டிக்கெட் இல்ல. ஸ்டேடியத்துல பையனை ஓட விட்டுட்டு கல் இருக்கையில உக்காருங்க.

லிண்டோஸ் விஷயத்துக்கு வரேன். டவுன்ல இருந்து கிட்டத்தட்ட 50 கிலோமீட்டர், மண்ட்ராகி பக்கத்து கிழக்குக்கரை பஸ் ஸ்டாண்டுல இருந்து நேரடி பஸ் இருக்கு. வெள்ளை வீடு, மேல 116 மீட்டர் பாறை மேல அதீனா கோயில், கீழ ரெண்டு பக்கமும் கடல், பேர் வாங்கினதுல தப்பே இல்ல. ஆனா ஊருல இருந்து கிட்டத்தட்ட 300 படி, வழவழன்னு தேஞ்ச கல்லு, மேல கைப்பிடி இல்லாத இடமும் உண்டு. முட்டி வலிக்காரங்களுக்கு ஏறுறதை விட இறங்குறது தான் கொடுமை. கழுதை சவாரி இருக்கேன்னு சொல்வாங்க, தயவு செஞ்சு அம்மாவை அதுல ஏத்தாதீங்க. அது கோட்டை வாசலுக்குக் கீழயே இறக்கி விட்டுடும், நிஜமா கஷ்டமான படி அதுக்கப்புறம் தான் இருக்கு, வழுக்குக் கல்லுல விழுந்தா என்ன ஆகும்னு யோசிங்க, அதுவும் போக அந்த வெயில்ல அந்த ஜீவனுங்க நாள் பூரா ஏறி இறங்குறதைப் பாத்தா மனசு கேக்காது. நல்ல வழி என்னன்னா முதல் பஸ்லயே போயி, அப்பாவும் பையனும் நீங்களும் கோட்டைக் கதவு திறந்ததும் ஏறிடுங்க, அம்மாவும் வீட்டுக்காரரும் கீழ ஒரு மொட்டை மாடி காபி கடையில உக்காந்தா கோயில் அங்கிருந்தே தெரியும். மேல போறவங்க கோட்டைப் படிக்கட்டுக்கு முன்னாடி பாறையில செதுக்கின கப்பலைப் பாருங்க, கிரேக்கப் போர்க்கப்பலோட பின்பக்கம், பைதோக்ரிடோஸ்னு ஒரு சிற்பி கி.மு. 2ம் நூற்றாண்டு தொடக்கத்துல செஞ்சது, அவசரத்துல பாதிப் பேர் அதைப் பாக்காமலே ஏறிடுவாங்க.

அம்மாவும் கூட இருந்து பாக்கணும்னா கமிரோஸ் தான். மேற்குக்கரையில, டவுன்ல இருந்து சுமார் 35 கிலோமீட்டர். இதுக்கு மதிலே கிடையாது, ஒரு சரிவுல கோயில், மேல வீடுங்க, உச்சியில தண்ணித் தொட்டின்னு முழு ஊரும் அடுக்கடுக்கா கிடக்கு. பூகம்பத்துக்கப்புறம் கைவிடப்பட்டு, மேல வேற ஊர் கட்டாததால தெரு கூட அப்படியே இருக்கு, 1929ல இருந்து இத்தாலிக்காரங்க தோண்டி வெளிய எடுத்தாங்க. அம்மா கீழ் மட்டத்துல நின்னாலே எல்லாம் கண்ணுல படும், முடிஞ்ச அளவு மண் பாதையில ஏறலாம். நிழல் குறைவு, குடையும் தண்ணியும் எடுத்துக்கோங்க. பஸ் ரொம்ப கம்மி, அன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் கார் எடுங்க. உங்க ஜெர்மன் லைசென்ஸ் போதும், இந்திய லைசென்ஸ்ல ஓட்டறதா இருந்தா இன்டர்நேஷனல் பெர்மிட்டும் கூட இருக்கணும்.

பீச்சுக்கு ஒரு விதி வச்சுக்கோங்க, மேற்குல காத்து, கிழக்குல அமைதி. கோடையில வடமேற்குல இருந்து மெல்டெமி காத்து அடிக்கும், ஜூலை ஆகஸ்ட்ல தான் உக்கிரம், ஜூன்லயும் எட்டிப் பாக்கும். பையனுக்கு கிழக்குக்கரையில சாம்பிகா நல்லது, மணல், ஆழம் மெதுவா தான் கூடும். டவுன்லயே இருக்கற எல்லி பீச் கூழாங்கல்லு, சீக்கிரமே ஆழமாயிடும், நீச்சல் தெரியாத பையன்னா கைய விடாதீங்க. தண்ணி ஜூன் ஆரம்பத்துல கொஞ்சம் சில்லுன்னு தான் இருக்கும், அம்மா கால நனைக்கறதோட நிறுத்திக்குவாங்கன்னு நினைக்கிறேன்.

சாப்பாட்டுல பயமே வேண்டாம். பிதாரூடியான்னு கேளுங்க, ரோட்ஸ் தீவோட சொந்த அயிட்டம், கொண்டைக்கடலை வெங்காயம் தக்காளி புதினா போட்டு பொரிச்சது, நம்ம மசால் வடைக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி. ஃபாவான்னா பருப்புக் கடைசல், ஜிகாண்டெஸ்னா பெரிய மொச்சை மாதிரி பீன்ஸ் தக்காளியில வெந்தது. ஆனா டோல்மாடெஸ் (திராட்சை இலைல சுருட்டினது), கெமிஸ்டா (தக்காளி குடைமிளகாய்க்குள்ள அடைச்சது) ரெண்டுலயும் கைமா போடறதும் உண்டு, போடாததும் உண்டு, ஒவ்வொரு தடவையும் கேட்டுட்டே ஆர்டர் பண்ணுங்க. சாக்ரடீஸ் தெருவுல கைய பிடிச்சு கூப்பிடற கடைங்களை விட்டு ரெண்டு சந்து உள்ள போனா விலையும் இறங்கும், ருசியும் ஏறும். இன்னொண்ணு, கழிவறையில பேப்பரை உள்ள போடக்கூடாது, பக்கத்துல இருக்கற குப்பைத் தொட்டில தான் போடணும், குழாய் சின்னது அடைச்சுக்கும்.

கடைசியா துருக்கி. அங்க இருக்கற மர்மாரிஸ் ஊருக்கு வேகப் படகுல ஒரு மணி நேரம் தான், டிக்கெட் விக்கறவங்க உங்க விசாவைப் பத்தியெல்லாம் கேக்க மாட்டாங்க. அம்மா அப்பா விசா ஸ்டிக்கர்ல எத்தனை எண்ட்ரின்னு இருக்கற இடத்தைப் பாருங்க. 01னு இருந்தா துருக்கில கால் வச்சதோட அந்த விசா முடிஞ்சுது, ரோட்ஸுக்கே திரும்ப விடமாட்டாங்க, ஜெர்மனிக்கும் வர முடியாது. பல தடவைன்னு இருந்தா கூட துருக்கிக்குத் தனி விசா வேணும். உங்ககிட்ட ஜெர்மன் ரெசிடென்ஸ் கார்டு இருக்கறதால திரும்பி வர்றதுல உங்களுக்கு இந்தப் பிரச்சினை வராது, அதனாலயே இது கண்ணுல படாமப் போயிடும். படகுல போற ஆசை தீரணும்னா சிமி தீவுக்குப் போங்க, கிரீஸ் தான், எல்லை கிடையாது, துறைமுகத்தைச் சுத்தி மஞ்சளும் காவியுமா வீடுங்க மலை மேல அடுக்கியிருக்கும், அம்மா தண்ணி ஓரமாவே சமதளத்துல நடக்கலாம். போறப்ப பாஸ்போர்ட் எல்லாரும் கூடவே வச்சிருங்க, ஜெர்மனில இருந்து வர்ற ஃப்ளைட்டுல செக்கிங் இல்லன்னு வீட்டுல வச்சிட்டு வந்துடாதீங்க, அம்மா அப்பாவோட டிராவல் இன்சூரன்ஸ் கிரீஸுக்கும் செல்லுமான்னு அந்த பேப்பரை ஒரு தடவை படிச்சுப் பாத்துட்டு டிக்கெட் போடுங்க.