கியர் தாவுதா? ஆர்டி-யை மாத்துறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்!
(சைக்கிள் கேள்வி பதில்)

கே: அண்ணே, ரெண்டு வருஷமா வாராவாரம் செஸ்ட்நட் பார்க்ல ஓட்டுறேன், ஷிமானோ 12 ஸ்பீடு. இப்போ நடு கியர்ல நிக்கவே மாட்டேங்குது, கடகடன்னு சத்தம். கடையில காட்டினா ரியர் டிரெய்லியர் (ஆர்டி, பின்சக்கரத்துல செயினை ஒரு பல்சக்கரத்துல இருந்து இன்னொண்ணுக்கு நகர்த்துற சாமான்) தேஞ்சு போச்சு, புதுசு போடுங்கன்னு சொல்றாங்க. ரெண்டு வருஷத்துல தேயுமா? – புக்கிட் பாஞ்சாங் வாசகர்

தம்பி, மௌன்டன் பைக்ல ஆர்டி தேஞ்சு செத்துப்போறது ரொம்ப அபூர்வம், முக்காவாசி அடிபட்டுதான் சாகும், மீதி நேரம் அது நல்லாவே இருக்கும், பக்கத்துல இருக்கிற மலிவான சாமான் கெட்டுப்போய் பழி மட்டும் இது மேல விழும். அதனால பர்ஸை எடுக்காதீங்க இன்னும்.

முதல்ல இதைப் பாருங்க, பெடலை அமுக்கி ஏத்தத்துல மிதிக்கும்போது வழுக்குதா, இல்ல கியர் மாத்தும்போது தயங்குதா? மிதிக்கும்போது டக்குன்னு வழுக்கினா அது பெரும்பாலும் செயினும் கேசட்டும் (பின்சக்கரத்துல இருக்கிற பல்சக்கர அடுக்கு), ஆர்டி கிடையாது. செயின் செக்கர் வச்சுப் பார்த்து 12 ஸ்பீடுல 0.5% நீட்சி வந்துட்டா செயினை மாத்திடணும், அதைத் தாண்டி ஓட்டினா கேசட்டையும் சேர்த்து வாங்க வேண்டி வரும்.

மாத்தும்போது தயங்குதுன்னா நான் சந்தேகப்படுற முதல் ஆள் ஹேங்கர். ஃபிரேமுக்கும் ஆர்டிக்கும் நடுவுல இருக்கிற அந்தச் சின்ன அலுமினியத் துண்டு, வீட்டு ஃபியூஸ் மாதிரி, ஃபிரேம் வளையக்கூடாதுன்னு தான் முதல்ல வளைஞ்சு கொடுக்கும். வளையறதுக்கு நீங்க விழணும்னே அவசியம் இல்ல. சிங்கப்பூர் எம்ஆர்டி ரயில்ல மடிக்கிற சைக்கிளை மட்டும்தான் விடுறாங்க, அதனால நம்ம ஆளுங்க கார் பூட்ல படுக்க வச்சுதான் கொண்டு போவாங்க, வலது பக்கம் கீழ இருந்தா மொத்த வெயிட்டும் ஆர்டி மேலதான். புளாக் கீழ்த்தளத்து வாய்ட் டெக் ரேக்ல பக்கத்து சைக்கிள் சாஞ்சாலே போதும். 12 பல்சக்கரம் இவ்வளவு நெருக்கமா இருக்கிறப்போ கண்ணுக்குத் தெரியாத வளைவுகூட கியரைக் கெடுக்கும். பின்னாடி குந்தி உக்காந்து பாருங்க, ரெண்டு ஜாக்கி வீலும் (ஆர்டியில செயின் சுத்தி வர்ற சின்னச் சக்கரங்கள்) மேல இருக்கிற பல்சக்கரமும் ஒரே நேர்கோட்டுல இருக்கணும். ஆனா கண்ணை முழுசா நம்பாதீங்க, ஹேங்கர் நேரா இருக்கான்னு அளக்க ஒரு டூல் இருக்கு, அதை மாட்டி ரிம்மைச் சுத்தி அளந்து நிமித்தச் சொல்லுங்க, கொஞ்ச நேர வேலைதான். ஒரு தடவை ரெண்டு தடவை நிமித்தலாம், அதுக்கு மேல வெடிப்பு விடும், மாத்திடுங்க. ஃபிரேமைப் பொறுத்து ஹேங்கர் மாறும், அதனால உங்க ஃபிரேமுக்கு உள்ளது ஒண்ணு எப்பவும் உங்க பையில கிடக்கட்டும்.

ரெண்டாவது ஆள் கேபிள். நம்ம ஊர் ஈரத்துக்கு ஹவுசிங் (கேபிளை மூடியிருக்கிற குழாய்) உள்ள தண்ணி இறங்கி துரு பிடிச்சிரும், வெளிய பார்த்தா பளபளன்னு இருக்கும். அடையாளம் சொல்றேன், பெரிய பல்லுக்கு ஏறுறது ஒழுங்கா ஏறும், சின்ன பல்லுக்கு இறங்கறது மட்டும் சோம்பேறித்தனமா இருக்கும். ஏன்னா ஏத்துறப்போ உங்க கட்டைவிரல் இழுக்குது, இறக்குறப்போ ஸ்பிரிங் மட்டும்தான் இழுக்குது, கேபிள் சிக்கினா அதுக்கு பலம் பத்தாது. உள் கேபிள், ஹவுசிங் ரெண்டையும் சேர்த்து மாத்துங்க, ஒண்ணை மட்டும் மாத்துறது வீண்.

இதெல்லாம் புதுசாக்கியும் பாதி கியர் சரி பண்ணினா மீதி கெடுதுன்னா, அப்போதான் ஆர்டி மேல கை வைக்கணும். ஜாக்கி வீல் ரெண்டையும் தாங்கிப் பிடிக்கிற கேஜோட அடிப்பக்கத்தைப் பிடிச்சு உள்ளேயும் வெளியேயும் மெதுவா ஆட்டுங்க. புதுசுலயும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும், அதனால கடையில இருக்கிற புதுசையும் ஒரு தடவை ஆட்டிப் பார்த்துட்டு ஒப்பிடுங்க. உங்களது கொழகொழன்னு ஆடிச்சுன்னா பிவட் (அசையற மூட்டு) தேஞ்சிருக்கு, பெரும்பாலான மாடல்ல அதை ரிப்பேர் பண்ண முடியாது, அப்போ கடைக்காரர் சொன்னது சரிதான், வாங்கிடுங்க.

கே: மேல இருக்கிற ஜாக்கி வீல் இடதும் வலதுமா ஆடுது, கீழ இருக்கிறது ஆடல. உடைஞ்சிடுச்சா? – ஈசூன் வாசகர்

உடையல. ஷிமானோல மேல் வீல் பக்கவாட்டுல கொஞ்சம் ஆடுற மாதிரியேதான் செய்வாங்க, செயின் தானா பல்லுக்கு நேரா வந்து உக்காரட்டும்னு. அதனால மேலயும் கீழயும் மாத்தி மாட்டிடாதீங்க, கழுவுறேன்னு கழட்டினவங்க நிறைய பேர் பண்ற வேலை இது. பல்லு சுறா பல்லு மாதிரி கூரா ஆயிட்டாலோ, விரலால சுத்தினா கரகரன்னாலோ அந்த ரெண்டு வீலை மட்டும் மாத்தினா போதும், முழு ஆர்டி வேண்டாம்.

கே: மாசத்துக்கு ஒரு முறை புலாவ் உபின் போறோம், கெத்தாம் பைக் பார்க்ல ஓட்டுவோம். ஆர்டியில இருக்கிற கிளட்ச் (கேஜ் குதிக்காம இறுக்கிப் பிடிக்கிறது) எப்பவும் ஆன்ல இருந்தா சீக்கிரம் தேஞ்சிடும், ஆஃப் பண்ணிடுன்னு வீட்டுக்காரர் சொல்றார். நிஜமாவா? சைக்கிள் காரிடார்லதான் நிக்குது. – பாசிர் ரிஸ் வாசகி

வீட்டுக்காரர் சொல்றது பாதி சரி மா. கிளட்ச் உராய்வுலதான் வேலை செய்யுது, நாளாக நாளாக பிடி தளரும். அதுக்காக ஆஃப் பண்ணி ஓட்டினா செயின் ஃபிரேம்ல அடிக்கும், கேஜ் குதிக்கும், செயின் கழண்டு போய் எங்கயாவது மாட்டினா அன்னைக்கே ஆர்டி போச்சு. 2012 வாக்குல ஷிமானோ, ஸ்ராம் ரெண்டு கம்பெனியுமே இதைக் கொண்டு வந்தது தேயட்டும்னு இல்லையே, ட்ரெய்ல்ல ஆன், சக்கரத்தைக் கழட்டும்போது மட்டும் ஆஃப். கேஜை முன்னாடி தள்ளினா எதிர்ப்பே இல்லாம வந்திடுச்சுன்னா ஷிமானோல மூடியைக் கழட்டி இறுக்க வழி இருக்கு. ஸ்ராம்ல அப்படி இறுக்க முடியாது.

உங்க விஷயத்துல கிளட்சை விட எனக்குக் கவலை அந்த படகும் காரிடாரும். சாங்கி படகுல சைக்கிளை ஒண்ணு மேல ஒண்ணு சாய்ச்சு அடுக்குவாங்க, உங்க வலது பக்கத்தை வெளிப்பக்கமா வைங்கன்னு வாயைத் திறந்து கேளுங்க, கூச்சப்படாதீங்க. உபின் பழைய கருங்கல் குவாரி இருந்த தீவு, அந்தப் பொடி ஈரத்தோட சேர்ந்தா உப்புத்தாள் போட்டுத் தேய்ச்ச மாதிரிதான் செயினையும் வீலையும் தின்னும். மேல கடல் தண்ணி வேற. வீட்டுக்கு வந்த அன்னைக்கே வாளித் தண்ணியும் பிரஷும் வச்சு கழுவுங்க, ஹோஸை அழுத்தமா அடிச்சா உள்ள இருக்கிற கிரீஸ் வெளிய வந்திடும். துடைச்சு காயவச்சு ஒவ்வொரு பிவட்லயும் ஒரு சொட்டு எண்ணெய், மிச்சத்தைத் துடைச்சிடணும், இல்லன்னா மண்ணு ஒட்டும். துரு எடுக்கிற ஸ்ப்ரேயை கிளட்ச் பக்கம் மட்டும் கொண்டு போகாதீங்க, உள்ள போச்சுன்னா பிடி போயிரும். காரிடார்ல சாரல் அடிக்கிற பக்கம் ஆர்டி இருக்க வேண்டாம், டிசம்பர் மழைக்கு ஒரு கவர் போட்டாலே பாதி துரு குறையும்.

கே: ஷிமானோல டியோர் மாடல் போதுமா, விலை கூடின எக்ஸ்டி வாங்கினா ரொம்ப வருஷம் வருமா? பழசு விக்கிற கேரசல் ஆப்புல பழைய எக்ஸ்டி பாதி விலைக்கு வருது. – ஜூரோங் வெஸ்ட் வாசகர்

விலை கூடினா ஆயுசு கூடும்னு யாரு சொன்னா? 12 ஸ்பீடு டியோர் கிட்டத்தட்ட 320 கிராம், எக்ஸ்டி 284, காசு முக்கியமா அந்த 35 கிராமுக்கும் கொஞ்சம் மெருகான ஷிஃப்டிங்குக்கும்தான் போகுது. கல்லுல அடிச்சா ரெண்டும் ஒரே மாதிரிதான் வளையும், அப்போ டியோர்னா மனசு கம்மியா வலிக்கும். எனக்குக் கேட்டா ஷிஃப்டர் (ஹேண்டில்ல கியர் மாத்துற லீவர்) நல்லதா வாங்குங்க, ஆர்டி டியோர் போதும், கேபிள் வச்ச ஷிமானோ மௌன்டன் 12 ஸ்பீடுக்குள்ள கலந்து போட்டா ஒத்துப்போகும். ஸ்ராம் ஷிஃப்டரோட கலக்காதீங்க, கேபிள் இழுக்கிற அளவே வேற. பழசு வாங்கினா நேர்ல போய் கேஜை ஆட்டிப் பாருங்க, போட்டோல பளபளப்பு மட்டும்தான் தெரியும். தேய்மானம்தான் பயம்னா 2021-ல ஷிமானோ அறிமுகப்படுத்தின லிங்க்கிளைட் பாருங்க, கேசட் பல்லு தடிமனா இருக்கும், மூணு மடங்கு உழைக்கும்னு கம்பெனியே சொல்லுது. ஆனா ஷிஃப்டர், ஆர்டி, கேசட் எல்லாம் அதே குடும்பத்துல வாங்கணும், வெயிட்டும் கூட.

கே: ஸ்ராமோட டிரான்ஸ்மிஷன் வகை ஆர்டிக்கு ஹேங்கரே இல்லையாம், அது மேல ஏறி நின்னாலும் ஒண்ணும் ஆகாதாம். அப்பாகிட்ட கேக்கலாமா? – செங்காங் மாணவர்

2023-ல வந்தது அது, நேரா ஃபிரேம் ஆக்ஸில்லயே பிடிக்கும், அதனால வளையற துண்டே கிடையாது, அடிபட்டு கீறல் விழுந்த பகுதிகளைத் தனித்தனியா மாத்தவும் முடியும். நல்ல யோசனைதான். ஆனா ஃபிரேம் யூடிஹெச் (பல ஃபிரேமுக்கும் பொதுவான ஹேங்கர்) வகையா இருக்கணும், அது இல்லன்னா மாட்டவே முடியாது. விலையைப் பார்த்துட்டு அப்பாகிட்ட கேளுங்க, பரீட்சை ரிசல்ட் வந்த அன்னைக்கு கேட்டா நல்லது.

கே: ட்ரெய்ல் நடுவுல ஆர்டி உடைஞ்சு ஸ்போக்குள்ள போயிட்டா வீட்டுக்கு எப்படி வர்றது? – மண்டாய் பக்கம் ஓட்டுற ஒருவர்

முதல்ல மிதிக்கிறதை நிறுத்துங்க, இன்னும் ஒரு சுத்து சுத்தினா ஸ்போக்கும் போயிரும். செயின் டூல் இருந்தா செயினைப் பிரிச்சு ஆர்டியை எடுத்துட்டு, பின்னாடி நடு பல்லுல நேரா வர்ற மாதிரி செயினைக் குட்டையாக்கி மாட்டுங்க, ஒரே கியர்ல மெதுவா ஓட்டலாம். இது பின்னாடி சஸ்பென்ஷன் இல்லாத சைக்கிளுக்கு. ஃபுல் சஸ்பென்ஷன்ல குழியில இறங்கும்போது செயின் நீளம் மாறும், இறுக்கமா கட்டியிருந்தா அறுந்திடும், அதைத் தள்ளிட்டுத்தான் வரணும். வந்ததும் ஸ்போக் ஏன் தொட்டுச்சுன்னு பாருங்க, ஹேங்கர் உள்பக்கம் வளைஞ்சிருக்கும், இல்லன்னா ஆர்டி உள்ள போற தூரத்தைத் தடுக்கிற உள்பக்க லிமிட் ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். அதைச் சரி பண்ணாம புது ஆர்டி மாட்டினா அதுவும் அதே ஸ்போக்குள்ளதான் போகும்.